படத்துக்குப் போர்த்துன துண்டு

நம்ம பொழப்பு மைக் செட்டுங்க. நானு ஒரு கல்யாணப் பத்திரிகைய எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள, அவிய புள்ளைக்குக் காதே குத்திருவாங்க.

ஜேடர்பாளையம் போற வழியில ஒரு மண்டபத்துல, இலங்கைச் சண்டையப் பத்தி டாக்குமெண்டரி போட்டாங்க. செத்துக் கெடக்கற ஒரு பொண்ணக் காட்டுனாங்க, மேல துணியில்ல. படம் எடுத்தவரு போண்டாவ மென்னுக்கிட்டே எங்கிட்ட வந்து, "இந்த எடத்துல வயலினக் கூட்டி வைங்க, அப்பத்தான் அழுவாங்க"ன்னாரு. கூலிக்கு வந்தவன், கூட்டி வெச்சேன்.

மொத வரிசையில அகதி முகாம்ல இருக்கற பெயிண்டர் ஒருத்தரு. நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பு. தோள்ல கெடந்த வெள்ளைத் துண்ட மடிக்கறதும் உதறறதுமாவே இருந்தாரு. திடீர்னு எந்திரிச்சுப் போயி, அந்தப் பொண்ண மறைச்சுத் துண்டப் புடிச்சாரு. படம் துண்டு மேலயே உழுந்துது. ஏத்திப் புடிச்சாரு, அங்கயும் அவதான் தெரிஞ்சா.

"ஏனுங்க, மறைக்குதுங்க"ன்னு பின்னாடி ஒருத்தரு.

நான் ப்ரொஜெக்டர் ஒயரப் புடுங்கிட்டு, "கரண்டு போச்சுங்க"ன்னேன். மேல ஃபேன் அதுபாட்டுக்குச் சுத்துது. நம்ம அறிவு அவ்வளவுதான்.

அவரு துண்டத் திரைக்கடியில விரிச்சுப் போட்டுட்டு வெளிய நடந்தாரு. நான் அத எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடுனேன்.

"அந்தப் பொண்ணு உங்க சொந்தமுங்களா?"

"இல்லை தம்பி. ஆரெண்டே தெரியாது."

"அப்பத் துண்ட வாங்கிக்கங்க."

"செத்த பிள்ளைக்குப் போர்த்தினதைத் திருப்பி எடுக்கிறேல்லை தம்பி."

உள்ள மறுக்கா வயலின் கேட்டுது. ஆரோ ஒயரச் சொருகிட்டாங்க.

துண்டு இன்னமும் என்ற வண்டியிலதான் கெடக்குது. மூஞ்சி தொடைக்கவும் முடியல, தூக்கி எறியவும் முடியல.