மந்திரித்த பூவை எங்கே போடுவது?

மயிலாப்பூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்று 1997இல் வெளியிட்ட ஆண்டு மலரில், ஒரு புகைப்படத்தின் கீழ் இப்படிப் போட்டிருந்தது: "திருமதி லூயிசா கிளிஃபர்ட். நமது சுற்றுச்சூழல் பணிக்குழுவின் தலைவி. இயற்கையின் மடியில் வளர்ந்தவர். செடி கொடிகளின் உற்ற தோழி."

லூயிசா டீச்சர் வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டையில், ஓர் அச்சகத்தின் மேல்மாடியில். இயற்கை என்று அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது கூவம் ஒன்றுதான்; அதன் மடியில் வளர யாரும் ஆசைப்பட்டதில்லை. மண் பட்டால் அவருக்குக் கை அரிக்கும். பின்னாளில் மந்தைவெளி ஃபிளாட்டில் குடியிருந்தபோது, எதிர்வீட்டு சுப்புலக்ஷ்மி மாமி ஊருக்குப் போகையில் துளசித் தொட்டியை ஒருமுறை இவர் பொறுப்பில் விட்டுப் போனார். திரும்பி வந்த மாமி தொட்டியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் லூயிசா, இதுக்குத் தண்ணி விட்டியா, இல்ல ஜெபம் மட்டும் பண்ணிண்டிருந்தியா?"

தலைவி ஆன கதை சின்னது. பங்குப் பேரவைக் கூட்டத்தில் பதவிகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், டீ வந்துவிட்டதா என்று பார்க்க டீச்சர் வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

ஓய்வுபெற்ற தையல் டீச்சரான அவருக்கு உண்மையில் கைவந்தது பிளாஸ்டிக் பூ. நாடாவை வெட்டி, மெழுகுவர்த்திச் சூட்டில் ஓரத்தைச் சுருட்டி ரோஜாவாக்கி, கம்பி வளையத்தில் கட்டுவார். அந்த ரோஜாவைப் பார்த்து ஒரு தேனீ ஏமாந்தது என்பது அவர் சொல்லி எல்லோருக்கும் தெரியும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்று கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பூ வைப்பார்கள். பங்குச் சாமியார் வரிசையாக வந்து தீர்த்தம் தெளிப்பார். பங்கில் பாதிக் குடும்பங்கள் மலர்வளையத்துக்கு டீச்சரிடம்தான் சொல்லிவைக்கும். சாமந்தி மறுநாளே சுருங்கிவிடும். டீச்சரின் ரோஜா சுருங்காது.

சிக்கல் தீர்த்தத்தில் இருந்தது. தீர்த்தம் பட்டால் அது மந்திரித்த பொருள். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது; எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைக்க வேண்டும். உடைந்த ஜெபமாலைக்கும் கிழிந்த திருப்படத்துக்கும் கத்தோலிக்க வீடுகளில் இதுதான் வழக்கம். முதல் வருஷம், கல்லறைகளிலிருந்து எடுத்த பழைய மலர்வளையங்களை எரித்தார்கள். கரும்புகை பக்கத்துக் குடியிருப்புக்குள் புகுந்து, தீயணைப்பு வண்டி வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் கல்லறைத் தோட்டத்தின் தாழ்வான மூலையில் குழி வெட்டி, பாலிதீன் உறையோடு மரியாதையாகப் புதைத்தார்கள். முன்னின்று ஜெபம் சொன்னவர் டீச்சர்.

1997 அக்டோபரில் மழை கொட்டியது. எப்போதும் அந்த மூலைக்கு ஓடி மண்ணுக்குள் இறங்கிவிடும் தண்ணீர், இந்த முறை இறங்கவில்லை. கடைசி வரிசைக் கல்லறைகள் மூழ்கின. அந்த வரிசையில்தான் டீச்சரின் கணவர் கிளிஃபர்ட் இருந்தார். தபால் இலாகாவில் வேலை பார்த்த மனிதர்; தூறல் விழுந்தால் லீவு சொல்பவர்; மெரினாவுக்குப் போனாலும் சுண்டல் விற்பவரைத் தாண்டி அலைப்பக்கம் போகாதவர். இப்போது அவருடைய சிலுவை மட்டும் தண்ணீரில் நின்றது.

"நாள் நெருங்கிடுச்சு. இவரை இப்படி வச்சுக்கிட்டு நான் யாருக்கு மெழுகுவர்த்தி ஏத்தறது?" என்றார் டீச்சர், குடையைப் பிடித்தபடி.

குழி வெட்டும் சுப்புராயன் வாய்க்கால் எடுத்துப் பார்க்கலாம் என்று மூலையில் மண்வெட்டியைப் போட்டார். அது வழுக்கியது.

"இன்னா டீச்சரம்மா, இங்க மண்ணையே காணோம். ரோஜாவாக் கீது."

"ரோஜாவா?"

"மெத்தை போட்டா மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு கீது. தண்ணி எங்கேந்து எறங்கும்?"

டீச்சர் ஒன்றைக் கழுவிப் பார்த்தார். நிறம்கூட மங்கவில்லை. முதலில் அவருக்கு வந்தது பெருமைதான். சங்கடம் சற்றுப் பொறுத்து வந்தது.

பங்குச் சாமியார் வால்டர் ஃபாதர் இளைஞர். "எடுத்துக் குப்பையில போட்டுடலாமே, டீச்சர்" என்றார்.

"தீர்த்தம் தெளிச்சது நீங்க. குப்பைக்கு அனுப்பறது நானா?"

"நான் தெளிச்சது கல்லறை மேல."

"பூ நடுவுல இருந்துச்சே, ஃபாதர்."

எரிக்க முடியாது, புதைத்ததன் பலன் கண்ணெதிரே நின்றது, குப்பையில் போட மனம் வரவில்லை. அன்று மாலை மாடிப்படியில் மாமியிடம் சொன்னார்.

"எங்காத்துலயும் சுவாமிக்குச் சாத்தின பூவைக் குப்பைல போடமாட்டோம்" என்றார் மாமி. "மரத்தடில போட்டுடுவோம். அது பாட்டுக்கு மண்ணாயிடும். நீ பண்ற பூவுக்கு அந்த புத்தி இல்லையே."

"நீங்களும்தான் ஒண்ணு கேட்டு வாங்கினீங்க, மாமி."

"கொலுவுக்குன்னா கேட்டேன். சுவாமிக்கா கேட்டேன்?"

மறுநாள் வால்டர் ஃபாதர் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு பொருள் உருக்குலைந்து போனால் மந்திரிப்பும் அதைவிட்டுப் போய்விடும் என்றார். "அப்புறம் அது வெறும் பிளாஸ்டிக், டீச்சர்."

"எவ்வளவு உருக்குலையணும்?"

"பாக்கறவங்க யாரும் பூன்னு சொல்லக் கூடாது."

டீச்சருக்கு அது போதும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்தார். சுப்புராயன் தோண்டத் தோண்ட, தெரு ஜெபக்குழுப் பெண்கள் கழுவிக் கொடுக்க, இவர் தையல் கத்தரிக்கோலால் இதழ் இதழாக நறுக்கினார். கம்பிகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. துணுக்குகள் மூட்டை மூட்டையாகப் பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் போயின. அங்கேயும் அவை மக்கப்போவதில்லை. பெருங்குடிக்காரர்களை யாரும் கேட்கவில்லை.

கிளிஃபர்டுக்கென்று அந்த வருஷம் செய்து வைத்திருந்த வளையம் இன்னும் மந்திரிக்கப்படாதது. அதை வெட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அதையும் வீட்டிலிருந்து கொண்டுவந்து வெட்டினார். சொல்லிவைத்திருந்த குடும்பங்களிடம் சாமந்தி வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

"எங்கப்பாவுக்கு நீங்க செய்யற ரோஜாதான் புடிக்கும், டீச்சர்" என்று குறைபட்டாள் ஜெசிகா என்றொரு பெண்.

"உங்கப்பா மேட்டுல இருக்கார், அதான் ரோஜா கேக்கறார். என் வீட்டுக்காரர் தண்ணிக்குள்ள இருக்கார்."

மூலையில் மண் வெளியே தெரிந்த பிறகு தண்ணீர் மெல்ல இறங்கியது. கல்லறைத் திருநாளன்று கடைசி வரிசையில் சேறு இருந்தது, தண்ணீர் இல்லை. டீச்சர் சாமந்தி வைத்தார். மாலைக்குள் அது தலை தொங்கியதைப் பற்றி வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தார்.

லூயிசா டீச்சர் தன் கையால் செய்து, தானே ஜெபம் சொல்லிப் புதைத்த பிளாஸ்டிக் பூக்களைத் தோண்டி எடுக்கச் செய்து, உட்கார்ந்து வெட்டினார். அதற்குப் பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் பூவும் செய்யவில்லை.