உள்பக்கம் குத்திய முள்

விழுப்புரத்தில் இரண்டு கிடங்கு, திண்டிவனத்தில் ஒன்று, ஒரே நாளில் ஐந்து கல்யாணத்துக்கு மேசை நாற்காலி அலங்கரிக்கிற ஆள்பலம். நான்காம் வகுப்போடு நின்ற நான் கட்டியது இத்தனையும். இன்று காலை கிடங்கில் மேசைத் துணிக்குக் காய்ச்சிய கஞ்சி புளித்து மணக்க, திண்டிவனத்தில் இடித்துத் தள்ளிவிட்ட பழைய சத்திரத்துக்குள், மேசைக்கு அடியில், நினைவில் போய்விட்டேன்.

என் சின்ன வயது அங்கேதான் கழிந்தது. வாடகைக் கடை முதலாளி மைக்கறை படிந்த பள்ளிக்கூட மேசைகளை வரிசையாகச் சேர்த்துப் போடுவார். நான் அடியில் தவழ்ந்து, துணியைத் தீப்பெட்டி அகலத்துக்கு மடித்து மடித்து, வெளியே தெரியாதபடி உள்பக்கமாக, குண்டூசிக்குப் பதில் வேலிகாத்தான் முள்ளைக் குத்திக்கொண்டே நகர்வேன். துணிக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகளின் கால்கள் நிழலாகப் போகும், கொலுசு கேட்கும்.

"யாருங்க மடிச்சது? பொடவைக் கொசுவமாட்டம் இருக்குதே!" என்பார்கள் பெண்வீட்டார்.

"வேற யாரு, என் கைதான். குனிஞ்சிக்கினே பண்ணதுல இடுப்பே போச்சு" என்பார் முதலாளி.

முள் கிழித்த விரலைச் சப்பிக்கொண்டு கேட்டிருப்பேன். வெளியே தலை காட்டினால் உதை.

அவர் மகன் இப்போது மண்டபம் திறந்து, அந்தக் காலத்து மேசைப் படமொன்றை மாட்டி, 'அப்பாவின் கைவண்ணம்' என்று எழுதி வைத்திருக்கிறான். தன் மகள் கல்யாணத்துக்கு என்னிடமே வந்தான். "அண்ணே, ஜல்தியா முடிச்சிக் குடுங்க."

முடிக்கிறேன், தம்பி. முதலில் அந்த எழுத்தை அழித்து, 'மடித்தவன் கன்னியப்பன்' என்று என் பேரை எழுது. அதுவரை உன் சம்பந்திக்குத் துணியில்லாத வெறும் பலகைதான்.