மை அக்காவும் முப்பத்துநாலு மில்லிகிராமும்

பண்டகசாலைக்காரனுக்கு மூக்கு மேல் கோபம் என்று எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பண்டகசாலைக்காரன் நான்தான். ஒரு திருகாணி கேட்டாலும் சீட்டு எங்கே என்று பாய்வேன். அதெல்லாம் இருக்கட்டும். இப்போது சொல்ல வந்தது மை அக்காவைப் பற்றி. அவர் பெயரில் சேற்றை வாரி இறைத்தவன் நான். அதனால் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லும் கடனும் என் தலையில்தான் விழுகிறது.

நாங்கள் செய்வது எரிபொருள் மின்கலம். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டும் சேர்ந்தால் மின்சாரம் வரும், கூடவே கொஞ்சம் தண்ணீரும். ஆனால் சும்மா பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சேராது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர் பிளாட்டினம். கரித்தூளில் பொடிப்பொடியாக ஒட்டிய பிளாட்டினத்தை ஆல்கஹாலில் கலக்கினால் கறுப்பு மை கிடைக்கும். அதைக் கரித்தாளில் பூசி, உலர்த்தி, எடை போட்டு, மறுபடி பூசினால் மின்முனை தயார். பத்தொன்பது வருஷமாக அந்த மையைக் கலக்கிப் பூசுகிறவர் என்பதால் அவர் மை அக்கா.

பட்டம் எதுவும் கிடையாது. தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு ஒப்பந்தத்தில் வந்து, இந்த வருஷம்தான் நிரந்தரப் பட்டியலில் பெயர் ஏறியிருந்தது. கணவர் பேருந்து ஓட்டுநர், மகள் செவிலியர் படிப்பு. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. எப்போதும் நகக்கண்ணில் கறுப்பு. கேட்டால், "தாளுக்குக் கறுப்படிச்சா சம்பளம் தர்றாங்க தம்பி, என் தலைக்கு அடிச்சா ஒரு பய தர மாட்டேங்கிறான்" என்று சிரிப்பார். சொட்டு மை கீழே சிந்தியதில்லை. தூரிகையைக் கழுவிய ஆல்கஹாலைக்கூடக் கொட்டாமல், அதில் மிஞ்சிய பிளாட்டினத்துக்காகப் புட்டியில் சேர்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்.

பிளாட்டினம் விலை ஏறிக்கொண்டே போனதால், அது இல்லாமல் கோபால்ட்டில் தரகர் செய்ய மூன்று வருஷம் முன்பு ஒரு பெண் வந்தாள். முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வந்தவள். நாங்கள் சின்ன டாக்டர் என்போம். அவளுடைய கோபால்ட் மின்முனையைக் கண்ணாடிக் குடுவையில், அமிலத்தில் நிறுத்திச் சோதிப்பார்கள். அதற்கு எதிரே இன்னொரு முனை வேண்டும். சாதாரணக் கரித்தண்டு போதும். ஆனால் இருந்த கரித்தண்டு உடைந்துபோய், புதிது கேட்டு அவள் மூன்று தடவை சீட்டு கொடுத்தாள். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றேன். கடைசியில், சும்மா கிடக்கிறதே என்று ஒரு பிளாட்டினம் கம்பிவலையை எடுத்துக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று மாதம் சோதனை ஓடியது. மற்ற மின்முனைகள் நாளாக ஆக ஓய்ந்துபோகும். இவளுடைய கோபால்ட்டோ நாளுக்கு நாள் நன்றாக வேலை செய்தது. இயக்குநர் தலைகால் புரியாமல் மகிழ்ந்தார். கட்டுரை எழுதி முடித்து, திங்கட்கிழமை அனுப்புவதாக இருந்தார்கள்.

அந்த வாரம்தான் என் அரையாண்டு எடைபோடும் நாள். வலையில் முப்பத்துநாலு மில்லிகிராம் குறைந்தது. மூன்று தடவை போட்டேன், அதே எடை. தினமும் சோதனை முடிந்ததும் வலையை வைத்துப் பூட்டும் அலமாரியின் சாவி மை அக்காவிடம் மட்டும்தான். பத்துக்கு மேல் குறைந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுதிக் கொடுத்துவிட்டேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. அவசரக்குடுக்கை!

சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும், அதுவரை சோதனை அறைக்குள் நுழையக் கூடாது என்று கடிதம் வந்தது. விளக்கம் சரியில்லை என்றால் நிரந்தரமும் இல்லை, வேலையும் இல்லை. அன்று முதல் அவர் வராந்தாவில் வந்தால் பேச்சு நின்றுவிடும். கூட உட்கார்ந்து தேநீர் குடித்தவர்கள் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் நகர்ந்தார்கள்.

இரண்டாம் நாள் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அந்த வலையைக் காட்டு தம்பி. நான் தொட மாட்டேன். நீயே பிடிச்சுக்கோ."

பிடித்தேன். பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பு விளிம்பாகப் பார்த்தார்.

"வெட்டி எடுத்திருந்தா ஒரு இடத்துல குறையணும். இது எல்லாக் கம்பியும் ஒண்ணுபோல மெலிஞ்சு கிடக்கு பாரு. கரைஞ்சிருக்கு."

"கரைஞ்சா எங்க போகும்க்கா?"

பதில் சொல்ல வாய் எடுத்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. பிறகு மெதுவாக, "எதிர்ல இருக்கிறது மேல" என்றார்.

எனக்கே அப்போதுதான் உறைத்தது. வலையிலிருந்து கரைந்த பிளாட்டினம் அமிலத்தைக் கடந்து கோபால்ட் மின்முனை மேல் போய்ப் படிந்திருக்கிறது. நன்றாக வேலை செய்தது கோபால்ட் இல்லை, பழைய தரகரேதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இந்த அம்மாளின் பெயர் நேராக வேண்டுமானால் அந்தப் பெண்ணின் மூன்று வருஷ உழைப்பு தரைமட்டமாக வேண்டும்.

நான் இயக்குநரிடம் ஓடப் போனேன். கையை நீட்டி மறித்தார். "முதல்ல அவகிட்ட சொல்லணும். நீ போய் எங்கயாவது கரித்தண்டு கிடைக்குதான்னு பாரு." நான்கு மாதம் கிடைக்காத கரித்தண்டு அன்று மாலையே கிடைத்தது. வெட்கக்கேடு.

சின்ன டாக்டரின் அறைக்கு இருவரும் போனோம். வலையைக் காட்டினார், கரித்தண்டை மேசையில் வைத்தார்.

"டாக்டரம்மா, புது மின்முனை, புது அமிலம், எதிர்ல இது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்க."

அந்தப் பெண் படித்தவள், பாதி சொல்லும்போதே புரிந்துவிட்டது. "பிளாட்டினத்தை எதிர்முனையா வைக்காதேன்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. எனக்குத் தெரியும். ரிசல்ட் நல்லா வந்ததும் மறந்துட்டேன்" என்றாள். உடனே கோபம் வந்தது. "திங்கட்கிழமை கட்டுரை போகுதுக்கா! இப்ப வந்து சொல்றீங்களே!" என்று கத்தினாள். அக்கா கெஞ்சவில்லை. "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

விளக்கக் கடிதத்தில் 'நான் எடுக்கவில்லை' என்று ஒரே வரி எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மத்ததையும் எழுதுங்கக்கா! வேலை போயிடும்!"

"நான் எழுதினா, திருடினவ தப்பிக்கிறதுக்கு அந்தப் பொண்ணு மேல பழி போடுறாம்பாங்க. அது அவ வாயால வரணும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா போகுது போ" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை கட்டுரை போனதா என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஏழாம் நாள் இயக்குநர் அறையில் அக்கா ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார், நான் பதிவேட்டோடு சுவரோரம் நின்றேன். இயக்குநர் அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான் சார்" என்றார் அக்கா.

அப்போது சின்ன டாக்டர் உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது. கரித்தண்டு வைத்து ஓட்டிய வரைபடத்தை மேசையில் விரித்தாள். முதல் நாளே தடுமாறிய கோடு, மூன்றாம் நாள் படுத்துவிட்டிருந்தது. பழைய மின்முனைகளையும் பழைய அமிலத்தையும் பகுப்பாய்வுக்குக் கொடுத்திருந்தாள். இரண்டையும் கூட்டினால் காணாமற்போன பிளாட்டினம் ஏறக்குறைய முழுவதும் அங்கே இருந்தது.

"எடுத்தது என் மின்முனை சார். கட்டுரையை அனுப்பலை" என்றாள்.

கடிதத்தை இயக்குநர் ரத்து செய்தார், மன்னிப்பும் கேட்டார், நிரந்தரப் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும் என்றார். வெளியே வந்ததும் அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெறும் கோபால்ட் முதல் நாள் எவ்வளவு குடுத்துச்சு? அதுலேர்ந்து ஆரம்பிங்க. நான் மை கலக்கித் தர்றேன்" என்றார். அவள் அவர் தோளில் சாய்ந்து விம்மினாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. அலுவலகத்தில் கேட்ட மன்னிப்பு அலுவலகத்தோடு போயிற்று. அந்த வீட்டில் ஏழு நாள் எப்படிப் போயிருக்கும்? அன்று மாலையே சைக்கிள் கடைப் படியேறினேன். கணவர் காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் கதவைத் திறந்தார். உள்ளே மகள் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அக்கா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: "அவங்க எதையும் எடுக்கல. விசாரிக்காம எழுதிக் குடுத்தது நான். தப்பு முழுக்க என்னோடது."

கணவர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"நிஜமாவே எடுக்கலதானேன்னு உன்னைக் கேட்டேனேம்மா. நான் கேட்டிருக்கவே கூடாது."

அக்கா துடைத்த தட்டை அடுக்கில் வைத்தார்.

"நீயாவது கேட்டியே கண்ணு. அங்க ஒருத்தருமே கேக்கல."