ஆரஞ்சுத் தோல் போட்ட ஆறு கப் கேக்

பிப்ரவரி பிறந்துவிட்டால் என் கடைக்கு வரும் ஜோடிகளுக்கு என்மேல் கோபம் வந்துவிடும். கப் கேக்கின்மேல் சிவப்பு கிரீமில் இதயம் வைத்துத் தரச் சொல்வார்கள். முடியாது என்பேன். ரோஜா வேண்டுமா, வைக்கிறேன். பெயர் வேண்டுமா, எழுதுகிறேன். இதயம் மட்டும் கிடையாது. இந்தம்மாவுக்கு வயிற்றெரிச்சல் என்று ஒரு பெண் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

இதயம் வைத்து ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பின் வந்த ஏதோ ஒரு வருஷத்து ஆகஸ்ட் பதினைந்து அது.

அப்போது நான் தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரொட்டி, கேக் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தேன். எதிரே லேத் பட்டறை. அங்கே வேலை செய்த அரியாங்குப்பத்துக்காரனோடு நாலு வருஷப் பழக்கம். கேக் என்றாலே முகத்தைச் சுளிப்பான், சோப்பு வாசம் வருகிறதாம். வெனிலாவை விட்டுவிட்டு ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டு ஒருநாள் கொடுத்தேன். அன்றிலிருந்து மதியமானால் எங்கள் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். கட்டினால் உன்னைத்தான் என்றும் சொன்னான். நானும் நம்பித் தொலைத்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் கல்யாணச் சந்தையில் நகை, நிலம் எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பிரெஞ்சு நேஷனாலிட்டி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரைச் சொல்தா என்போம். சொல்தா வீட்டில் பெண் எடுத்தால் பெண்ணோடு பிரான்சும் சேர்ந்து வரும். அவன் அம்மா அப்படி ஓர் இடத்தைப் பிடித்துவிட்டாள். பெண் பாரிஸ் பக்கம் வேலையில் இருக்கிறாள், லீவில் வந்திருக்கிறாள், மூன்றே வாரத்தில் எல்லாம் பேசி முடித்தாயிற்று.

நான் அழுதேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

“இது வெறும் பேப்பர் கல்யாணம். அந்தப் பொண்ணுக்கும் தெரியும். பிரெஞ்சு கார்டு கைக்கு வந்துச்சுனா பிரிஞ்சிடுவோம். அப்புறம் உன்ன கூட்டிக்கிறேன்.”

ஊரில் அப்படிக் கல்யாணங்கள் நடக்காமல் இல்லை. அதனால்தான் பிரெஞ்சு கான்சலேட் ஆபீஸிலும் விசாரிப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள், பழகியதற்குப் போட்டோ கேட்பார்கள் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் பார்த்துக்கொண்டவர்களிடம் என்ன போட்டோ இருக்கும்? போன கிறிஸ்துமஸிலிருந்து பிப்ரவரி வரை அவள் லீவில் இங்கே இருந்தாளாம். அப்போதே காதல் என்று காட்டிவிடலாம் என முடிவு செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு போட்டோ, ஜனவரியில் வரும் அவன் பிறந்தநாளுக்கு ஒன்று, காதலர் தினத்துக்கு ஒன்று. மூன்றையும் ஒரே மத்தியானத்தில், சட்டை மாற்றி மாற்றி, எடுத்துவிட வேண்டும். அதற்குக் கேக் வேண்டும். வெளியே சொன்னால் விஷயம் பரவிவிடும். அவன் என்னிடம் வந்து நின்றான்.

வந்த தைரியத்தைப் பாருங்கள். செய்கிறேன் என்று சொன்ன என்னையும் பாருங்கள்.

ஆறு கேக் என்றால் இரண்டு முட்டை போதும். வீட்டில் இருந்த சின்ன ஓவனில் ஒரே தட்டு. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து நுரைக்கும்போதே கை தன்பாட்டுக்கு ஆரஞ்சை எடுத்துத் துருவ ஆரம்பித்துவிட்டது. போட்டோவுக்கு வைக்கிற கேக்குக்கு ருசி எதற்கு? அது கைக்குத் தெரியவில்லை. ஆகஸ்ட் வெயிலில் கிரீம் நிற்காது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, தெர்மோகோல் பெட்டியில் அடியில் போட்டு, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பெண் வீட்டுக்குப் போகிற வரைக்கும் மீன் வாசம் வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டே போனேன்.

சமையலறையில் நான் கிரீம் பிழியும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல பெண், அதுதான் எரிச்சல். அக்கா அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிட்டாள். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, இது என்ன வாசனை என்று கேட்டாள். நான் பெருமையாகச் சொன்னேன். இதுவரை நான் மட்டுமே தெரிந்து வைத்திருந்த விஷயம் அல்லவா?

“ஆரஞ்சுத் தோல். அவருக்கு வெனிலா ஆவாது. இத போட்டாதான் கேக்கே திம்பாரு.”

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் பங்குக்குச் சொன்னாள்.

“அவரு உங்கள பத்தி சொல்லியிருக்காரு அக்கா. கூடப் பொறக்காத அக்கானு. அங்க வீட்டுக்கு ஒரு பெரிய ஓவன் வாங்கிடலாம்னும் சொல்லியிருக்காரு. ரெண்டு புள்ளைங்க வேணுமாம் அவருக்கு.”

பைப்பிங் பை என் கையில் இருந்தது. அழுத்தியதில் ஒரு இதயம் வீங்கிப் பக்கவாட்டில் வழிந்தது. கத்தியால் வழித்துவிட்டு மறுபடி வைத்தேன். வேறு என்ன செய்வது? அவள் முகத்தில் கள்ளம் இல்லை. பேப்பர் கல்யாணம் என்பது எனக்கு மட்டும் சொல்லப்பட்ட கதை.

ஹாலில் அவளுடைய சித்தப்பா டிஜிட்டல் கேமராவோடு தயாராக இருந்தார். ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்கவிட்டு கிறிஸ்துமஸ் முடிந்தது. அவன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான், மெழுகுவர்த்தி ஏற்றிப் பிறந்தநாள் முடிந்தது. கடைசியாக என் இதயங்கள் இரண்டும் மேசைக்கு வந்தன. அவன் காகிதக் கப்பை உரித்து அவளுக்கு ஊட்டினான். அவள் மூக்கு நுனியில் கிரீம் ஒட்டியது. அதைத் துடைத்துவிடும்படி யாரும் சொல்லவில்லை, அவனாகவே துடைத்துவிட்டான். நாலு வருஷத்தில் எனக்கு ஒரு முறை கூட அவன் ஊட்டியதில்லை.

அப்போதுதான் பார்த்தேன். அவர்கள் தலைக்கு மேலே, சுவரில், தினசரி காலண்டர். எந்த வீட்டிலும் காலையில் பல் விளக்கும் முன்பே தாளைக் கிழிக்கிறவர்கள் நாம், அந்த வீட்டிலும் ஒழுங்காகக் கிழித்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பில் பதினைந்து, மேலே ஆகஸ்ட். கிறிஸ்துமஸிலும் அது இருந்தது, பிறந்தநாளிலும் இருந்தது, பிப்ரவரி பதினாலிலும் இருக்கிறது. சுவரில் இருப்பது சுவரோடு கலந்துவிட்டது, அந்த வீட்டில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. காலி பெட்டியை மூடினேன். போட்டோவைப் பார்க்கிற அதிகாரி குருடில்லை, தூக்கி முகத்தில் எறிவார், கல்யாணம் நின்றுவிடும், இவன் லேத்துக்கே திரும்பி வருவான் என்று நினைத்தேன். இத்தனை கேட்ட பிறகும் அவன் திரும்பி வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். வெட்கம் கெட்ட மனசு. அதை எழுதும்போது இன்றைக்கும் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு கதை சொல்வான். காலண்டரை நம்பிக் காத்திருந்தேன். தினமும் மதியம் கேட்டுப் பக்கம் பார்ப்பேன். விசாரணைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள் என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

விசாரணை முடிந்த மறுநாள் அவனே கேட்டுக்கு வந்தான். கையில் ஸ்வீட் டப்பா. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போட்டோவுக்கு என்ன சொன்னார்கள் என்றுதான் முதலில் கேட்டேன். போட்டோ வைத்த கவரை அவர்கள் பிரிக்கவே இல்லையாம். தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்விகளை இரண்டு பேரிடமும் கேட்டார்களாம். அவளிடம் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் இவன் பயந்தானாம், இவனைப் பற்றி வேறு யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டார்களாம்.

“என்னா சொல்லியிருப்பாளோனு பதறிட்டேன். அவ பட்டுனு சொல்லியிருக்கா, அவருக்கு வெனிலா ஆவாது, ஆரஞ்சுத் தோல் போட்டாதான் கேக் திம்பாருனு. என்கிட்டயும் அதையே கேட்டாங்க, நானும் அதையே சொன்னேன். அந்த ஆபீசர் சிரிச்சிட்டாரு.”

சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். டப்பாவைத் திறந்து நீட்டினான்.

நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.