கொழும்பிலிருந்து வராத ரோஜாக்கள்

பார்ட்டி அலங்காரத் தொழிலில் பலூன் வெடிப்பதும் கேக்கின் மேல் பூனை ஏறுவதும் சாதாரணம். ஆனால் ஒருவர் கையால் செய்த பூவை, அவர் பத்து விரலோடும் உயிரோடும் இருக்கும்போதே, வேறு ஊரிலிருந்து வந்தது என்று சொல்வது அநியாயம். அந்த அநியாயம் நடந்தது என் அண்ணி சத்தியாவுக்கு. இழைத்தவர் விமலா அக்கா, ஹட்டன் டவுனில் மாடி வீடு. அவருடைய மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு அண்ணி நூற்றிருபது காகித ரோஜா செய்து கொடுத்திருந்தார். அந்த ரோஜாக்களுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே, கேட்டவர்களுக்கெல்லாம் விமலா அக்கா சொன்ன பதில்: "கொழும்புலேருந்து எடுப்பிச்சோம்." மூன்றடி தள்ளி, ஏணி மேல் நான். கையில் டேப், வாயில் குண்டூசி. அந்தக் குண்டூசி மட்டும் இல்லாதிருந்தால் ஹட்டன் அன்றைக்கு ஒரு நல்ல சொற்பொழிவைக் கேட்டிருக்கும்.

விரலெல்லாம் பசையோடு உட்கார்ந்து ஒன்றைச் செய்து முடித்துவிட்டு, "எந்தக் கடையில வாங்குனது?" என்ற கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்ட என் சகோதர சகோதரிகளே, மனதை ஆற்றிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கம்பஸில் மூன்றாம் வருடம். வீடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். லீவுக்கு வந்தால் அண்ணியும் நானும் சேர்ந்து பிறந்தநாள்களுக்கு அலங்காரம் செய்கிறோம். வேலையைச் சரியாகப் பிரித்துக்கொண்டோம்: அண்ணி செய்வார், நான் பேசுவேன். அண்ணி கொழுந்து எடுப்பவர். பார்ட்டியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும், ஞாயிறு என்றால் கைக்காசுக் கொழுந்து, எடுத்த நிறைக்கு அன்றைக்கே காசு. அதனால் தான் அலங்கரித்த ஒரு பார்ட்டியைக்கூட அண்ணி கண்ணால் பார்த்ததில்லை. சாயங்காலம் நான் திரும்பி வரும்போது இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களா கவி?"

கேட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்?

சிவப்பு வியர்வை

எங்கள் முதல் பார்ட்டி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். அம்மாமார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஒற்றைக் காம்பரா வீடுகள். அடுத்த லயத்து தில்ஷிக்கு ஐந்து வயது. நான் போனில் ஒரு வீடியோ பார்த்து, சிவப்பு கிரேப் பேப்பரில் பெரிய பெரிய பூவாகச் செய்வதற்கு அண்ணிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். வீடியோவில் செய்து காட்டிய அம்மாவின் ஜன்னலில் பளீரென்று வெயில் அடித்ததை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பனி கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. கேக் வெட்டுவதற்குள் இதழெல்லாம் துவைத்துப் போட்ட துணி மாதிரித் தொங்கின. பூவுக்குக் கீழே நின்ற தில்ஷியின் வெள்ளைக் கவுனில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு. அவளுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். தில்ஷி மட்டும் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்: "அம்மா, எனக்குச் செவப்பா வேர்க்குது!"

நானாவின் சந்தேகம்

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பனியோடும், கிரேப் பேப்பர் விற்ற கடை நானாவோடும், வீடியோ அம்மாவோடும் மாறி மாறி வாதாடிக்கொண்டிருந்தேன். அண்ணி அந்த ஒரு வாரத்தில் ஒரே ஒரு வரி பேசினார். "பெக்டரியில தேயில மூட்ட கட்டுற பேப்பரு பனியில ஊறுதா, என்னா?"

ஊறாது! தேயிலையை அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற பை அது. பல அடுக்குப் பழுப்புக் காகிதம், உள் அடுக்கு வெள்ளி மாதிரி மினுங்கும். கிழிந்துபோன பைகள் பெக்டரிக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். பெக்டரி ஐயாவிடம் கேட்டு ஒரு கட்டு எடுத்து வந்தோம். அண்ணி அடுக்கடுக்காக உரித்தார். ஏழு இதழ் வெட்டி, ஓரத்தைப் பின்னல் ஊசியில் சுருட்டி, அடியில் ஒரு கிள்ளு கிள்ளி, ஒன்றோடு ஒன்று கட்டி, ஓரத்துக்குச் சாயம் பூசி, காய்ந்ததும் உருக்கிய மெழுகில் ஒரே ஒரு முக்கு. எவ்வளவு பனி வந்தாலும் அந்தப் பூ அசையாது. வெள்ளி அடுக்கில் நட்சத்திரம் வெட்டித் தொங்கவிட்டால் லைட்டே வேண்டாம். நீங்களும் செய்து பாருங்கள், மெழுகுச் சட்டியை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கு அந்த முதல் ரோஜாவைப் பார்த்து நான் குதித்த குதியில் பக்கத்துக் காம்பராவிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

மூன்றாவது தடவையாகப் பத்துப் பெட்டி மெழுகுதிரி வாங்கப் போனபோது நானா கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு, மெதுவாகக் குனிந்து கேட்டார்: "தங்கச்சி, ஒங்கட தோட்டத்துக்கு மட்டும் கரண்ட வெட்டிட்டாங்களா?"

ஒழுகாத கூரை

டவுனில் பார்ட்டிக்கு ஒரு லிஸ்ட் இருக்கும். லயத்தில் அது கிடையாது. ஒரு காம்பராவில் கேக் வெட்டினால் அது லயத்துக்கே கேக். இது தெரிந்தும் ஒரு பிறந்தநாளுக்கு நான் இருபது கூம்புத் தொப்பி மட்டும் கொண்டு போனேன் பாருங்கள், படித்த புத்தி! எங்கள் லயம் வந்தது. மேல் லயம் வந்தது. பால் ஊற்ற வந்தவர்கூட சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றுவிட்டார். தொப்பி கிடைக்காத பிள்ளைகள் அழ, கிடைத்த பிள்ளைகள் பறிகொடுத்துவிட்டு அழ, பிறந்தநாள்காரனும் பயந்து அழ.

மிச்சமிருந்த பை அத்தனையையும் இஸ்தோப்புத் திண்ணையில் விரித்தேன். "இனிமே யாருக்கும் தொப்பி கெடையாது. அவங்கவங்க தொப்பிய அவங்கவங்களே செய்யணும்!" என்றேன். அழுகை அப்படியே நின்றது. அடுத்த அரை மணித்தியாலம் இருக்கிறதே, அதுதான் பார்ட்டி! ஒருவன் கொம்பு வைத்தான். ஒருத்தி கொழுந்துக் கூடை மாதிரியே சின்னதாகச் செய்து தலையில் மாட்டினாள். பெரியவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. தகரத்தில் இருந்த ஓட்டைக்கெல்லாம் வேலை வந்தது. பென்ஷன் வாங்கிய கருப்பையா மாமா மட்டும் இடத்தை விட்டு எழும்பவில்லை. தண்ணீர் தொப்பியில் விழுந்து வழிந்து ஓட, அதைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "நம்ம லயத்துலயே ஒழுகாத கூர இது ஒண்ணுதான்டியம்மா!"

சாயங்காலம் அண்ணி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அவங்கவங்களே செஞ்சாங்கண்ணி, யாரு போயி யாரக் கேக்குறது?" என்றேன். அண்ணி சிரித்துவிட்டு, ஏதோ யோசித்துக்கொண்டு படங்கை மடித்து வைத்தார். அந்த யோசனை எனக்கு அப்போது விளங்கவில்லை.

பஸ்ஸில் ஏறிய கல்யாணம்

பிறகுதான் விமலா அக்காவின் ஓடர் வந்தது. நூற்றிருபது ரோஜாவையும், ஆளுயர '10' ஒன்றையும் ஹட்டன் பஸ்ஸில் கொண்டு போனேன். '1' என் மடியில், '0' ஒரு சிங்கள அம்மாவின் கழுத்தில். அவர் வழி நெடுக அதற்குள்ளிருந்தே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். ரோஜாப் பெட்டிகளைப் பின் ஸீட் வரைக்கும் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பினார்கள். கொண்டக்டர் ஃபுட்போட்டில் நின்று சத்தம் போட்டார்: "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, கல்யாண வீடே ஏறுது!"

அவ்வளவு ஊர்வலமாகப் போன பூவைத்தான், நான் முன்னமே சொன்னபடி, கொழும்பிலிருந்து வரவழைத்துவிட்டார்கள். இதில் எனக்கு வயிறு எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. விமலா அக்கா பிறந்தது எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில், எங்களுடையதைப் போன்ற ஒரு லயத்தில். வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் கத்தினேன். அண்ணி சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "கொழும்பு அளவுக்கு இருந்திருக்கு போல" என்று மட்டும் சொன்னார். ஆனால் எழும்பிப் போய்க் கத்தரிக்கோலைச் சுவர் உயரத்திலிருந்த ராக்கைத் தட்டில் வைத்தார். இரண்டு வாரத்துக்கு அதை எடுக்கவில்லை.

எத்தனையாவது ஆள்?

இனி வருவது என் குற்றம். வாதாடுகிறவள் தன் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

லீவு முடிந்து ஹொஸ்டலுக்குப் போகும்போது மிச்சமிருந்த ரோஜாக்களை ஒரு பெட்டியில் கொண்டு போனேன். அறைத் தோழி யாழினிக்குப் பிறந்தநாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கண்ணைக் கட்டி உள்ளே கூட்டிவந்து அவிழ்த்துவிட்டோம். கதவு, கட்டில், மேசை விளக்கு எல்லாம் ரோஜா, மேலே வெள்ளி நட்சத்திரம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "ஐயோ, இது ஆர் செய்தது?"

எத்தனை மாதமாக அண்ணி காத்திருந்த கேள்வி! முதல் தடவையாக ஒருத்தி கேட்டுவிட்டாள். நான் சொன்ன பதில், "நாங்கதான்." உடனே எல்லாரும் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "கவியின்ர விரலைப் பாருங்கோடி!" என்றார்கள். நானும் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். பசை ஒட்டாத விரலை!

சந்தோஷம் தாங்காமல் அன்றைக்கே அண்ணிக்குக் கோல் எடுத்தேன். "அண்ணி, கேட்டாங்க! யாரு செஞ்சதுன்னு கேட்டுட்டாங்க!" அண்ணி அவசரமாகக் கேட்டார்: "நீ என்னா சொன்ன?" "நாங்கன்னு சொன்னேன்." அண்ணி கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார்: "நாங்கன்னா, அதுல நான் எத்தனாவது ஆளு கவி?"

பாதி வேலை

அடுத்த லீவில் விமலா அக்காவே கோல் எடுத்தார். கடைக்குட்டி மகனுக்கு முதலாவது பிறந்தநாளாம், அதே ரோஜா வேண்டுமாம். முடியாது என்று சொல்வதற்கு நான் ஐந்து காரணங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். இரண்டாவது காரணத்தில் அண்ணி போனை வாங்கி, "சரிங்கக்கா, செஞ்சு தர்றோம்" என்றார். என் பக்கம் திரும்பி, "இந்த தடவ நானும் வர்றேன். ஒரு நா கொழுந்து போனாப் போகுது" என்றார். ராக்கையிலிருந்து கத்தரிக்கோல் இறங்கியது.

பார்ட்டியன்று பெட்டியைத் திறந்தேன். ரோஜா பாதிதான் இருந்தது. மீதியெல்லாம் வெட்டிய இதழும் நூலும். நல்ல வேளை, மெழுகுச் சட்டியை மட்டும் கொண்டு வரவில்லை. விமலா அக்கா படியிறங்கி வந்தார். "என்னா சத்தியா இது? ஆளுக வந்துருவாங்க, பாதிதான கெடக்கு!"

"மிச்சத்த வர்றவங்க செய்வாங்கக்கா" என்றார் அண்ணி. ஹோலின் நடுவில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். தொப்பி நாளில் மடித்து வைத்த யோசனை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

முதலில் பிள்ளைகள் வந்து குந்தினார்கள். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாமார். பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களும், பட்டுச் சேலையைச் சொருகிக்கொண்டு. கேக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை! "இப்பிடிப் பிடிங்க, ரெண்டு வெரலுக்கு நடுவுல. கொழுந்து கிள்ளுற மாதிரி ஒரு கிள்ளு, அவ்வளவுதான்" என்றார் அண்ணி. கொழும்பு விரல்களுக்குக் கொழுந்து கிள்ளுவது எப்படித் தெரியும்? ஒருவர் இதழைக் கசக்கினார், ஒருவர் கிழித்தார், ஒரே சிரிப்பு. நின்று பார்த்துக்கொண்டிருந்த விமலா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அப்பிடி இல்ல" என்று குனிந்து ஒன்றை எடுத்தார். அது கொழுந்து கிள்ளிய விரல் என்று பெருவிரல் மடங்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரே கிள்ளு. அண்ணியின் பூவுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. நாங்கள் பார்த்துவிட்டதை அவரும் பார்த்தார். பூவைக் கீழே வைக்கவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மாமியாரின் தங்கச்சி, தங்கக் கண்ணாடி போட்ட கொழும்பு அம்மா, மடியிலிருந்த ரோஜாவைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "விமலா, போன தடவ கொழும்புலேருந்து எடுப்பிச்சேன்னு சொன்னது இதே பூதான? கொழும்புல எங்க?" விமலா அக்காவின் முகம் பனியில் ஊறிய கிரேப் பேப்பர் மாதிரி ஆனது. இருபது பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். என் வாயில் இன்றைக்குக் குண்டூசி இல்லை, ஐந்து காரணமும் நாக்கு நுனியில் நின்றது, ஆனால் பாயில் இருந்தபடியே அண்ணி என் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒரு வருடமாக பஸ்ஸிலும் கம்பஸிலும் இஸ்தோப்பிலும் நான் தொண்டை வற்ற வாதாடியும் ஆகாத காரியத்தை, சுருட்டிக்கொண்டிருந்த இதழிலிருந்து கையைக்கூட எடுக்காமல் அண்ணி ஒரே மூச்சில் முடித்துவிட்டார்: "கொழும்புலேருந்து வரலீங்கம்மா, இது கொழும்புக்குப் போயிருக்க வேண்டிய பேப்பரு, கிழிஞ்சிட்டதால எங்க தோட்டத்துலயே தங்கிருச்சு, நான் பூவா செஞ்சுட்டேன்."