வாசல் பக்கம் கிடந்த கல்

எங்கள் கிளை அருங்காட்சியகம் புதுச்சத்திரத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. முட்டை லாரியோ போர்வெல் ரிக் வண்டியோ போனால் கண்ணாடிப் பெட்டிகள் மெல்ல அதிரும். எந்தப் பெட்டி எந்த வண்டிக்கு அதிர்கிறது என்பதுகூட என் டைரியில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே காப்பாளரின் உதவியாளராக இருக்கிறேன். காப்பாளர் பணியிடம் காலியாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டதால், எல்லாப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடுகிறவன் நான்தான்.

எங்கள் நிறுவனத்துக்கு மாநிலம் முழுக்கக் கிளைகள் உண்டு. நான் சேர்ந்தபோது இந்தக் கிளையிலேயே ஒரு வேதியியலர், மாதிரி உருவங்கள் செய்பவர், ஓவியர், புகைப்படக்காரர், தோட்டக்காரர் என்று ஆள் நிறைய இருந்தார்கள். மதியம் எல்லோரும் பின்கட்டு வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள், அல்லது மாற்றலாகிப் போனார்கள். யாருக்குப் பதிலாகவும் யாரும் வரவில்லை. கடைசியில் நானும் ஒரு காவலாளியும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் மட்டும் மிஞ்சினோம். அக்கா சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பிலிருந்து பஸ் மாறி வருவார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஞாயிறு காலை மாதா கோயில் பூசையை முடித்துவிட்டுத்தான் பணிக்கு வருவார் என்பதால், அன்று மட்டும் கதவை நான் திறப்பேன்.

“இந்த டைரிய என்னைக்காச்சும் ஒரு கண்ணாடிப் பெட்டியில வெச்சு நம்பர் போட்டுடலாம் சார். இங்க ஒழுங்கா இருக்கிற ஒரே பொருள் அதான்” என்பார்.

அந்த டைரியால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு நடுகல் இருந்தது. ஒரு வீரன் புலியை ஈட்டியால் குத்துகிற கல். எடப்பாடிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தின் வயலோரம் நின்றது. அந்த வீரன் தங்கள் முன்னோர் என்று தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தேய்த்துக் கும்பிட்டுவந்தார்கள். சாலையை அகலப்படுத்த அந்த ஓரம் போகிறது என்றானபோது, குடும்பத்தின் பெரியவர் கல்லை எங்களிடம் ஒப்படைத்தார். “மழையும் படாது, வெயிலும் படாது. எப்போது வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அப்போதைய காப்பாளர் வாக்குக் கொடுத்தார். கல்லை ஏற்றிய லாரியில் கூடவே ஏறி வந்தவன் நான்.

அவர்கள் வந்தார்கள். ஒவ்வோர் ஆடியிலும், வீட்டில் கல்யாணம் காட்சி என்றாலும் வந்தார்கள். கூடத்துக்குள் எண்ணெய், கற்பூரம், விளக்கு எதுவும் கூடாது என்பது விதி. காப்பாளரும் பெரியவரும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: கல்லைத் தொடக்கூடாது, ஒரு முழம் தள்ளித் தரையில் வாழையிலை போட்டு, அதில் மஞ்சளும் பூவும் வைத்துக்கொள்ளலாம். பெரியவர் இறந்த பிறகு மகன் வந்தார். பத்துத் தறி ஓடுகிற பட்டறை வைத்திருப்பவர், என் வயதுக்காரர். அக்காதான் இலையைக் கழுவிக் கொடுப்பார்.

“ஏனுங்க அக்கா, உங்க சாமி கோவிச்சுக்காதுங்களா?” என்று அவர் ஒருமுறை கேட்டார்.

“எங்க சாமிக்கு இலை கழுவுற வேலையெல்லாம் பழக்கந்தான். நீங்க கும்புடுங்க” என்றார் அக்கா.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கல்லைச் சுத்தம் செய்ய முடிவானது. பல தலைமுறை எண்ணெய் படிந்து கல் கறுத்துப்போயிருந்தது. அதே நேரத்தில் இன்னொரு புலிக்குத்திக் கல்லும் சுத்தத்துக்கு வந்தது. வாய்க்கால் வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்தது அது. யாருடையது என்று தெரியாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே வகைக் கல், ஒரே காட்சி. பின் தாழ்வாரத்தில் மரக்கட்டைகள்மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, கறையை உறிஞ்ச வாரக்கணக்கில் காகிதக் கூழைப் பூசிப்பூசி எடுத்தார் வேதியியலர். பெயர் எழுதிக் கட்டியிருந்த அட்டைகள் நனைந்து கிழிந்துவிடும் என்று அவிழ்த்துவிட்டோம். அதனால்தான் டைரியில் எழுதிவைத்தேன்: “வாசல் பக்கம் – எடப்பாடிக் கல். சுவர்ப் பக்கம் – வாய்க்கால் கல்.”

எங்கள் தொழிலில் ஒரு பொருளின் பதிவு எண்ணை அதன் பின்புறத்தில், கண்ணுக்குப் படாத கீழ்ப்பகுதியில் எழுதுவோம். கற்களை மல்லாக்கப் போடுமுன் பின்புறத்தைச் சுத்தம் செய்தபோதே பழைய எண்கள் கரைந்து போயிருந்தன. மறுபடி எழுதவேண்டியது என் வேலை. அன்று காலை ஒரு கல்லூரி மாணவர் கூட்டத்துக்கு முன்கூடத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது இரண்டு கற்களும் குப்புறக் கிடந்தன. சங்கிலிக் கப்பி வைத்திருந்த கூலியாட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் டைரியைத் திறந்தேன். படித்தேன். அரக்கு தடவி, காயவிட்டு, மெல்லிய தூரிகையால் இரண்டு எண்களையும் எழுதினேன். நல்ல கையெழுத்து என்று வேதியியலர் பாராட்டினார்.

வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது: தாழ்வாரத்தில் இரண்டையும் ஒன்றாகப் புரட்ட இடம் போதாது. வாசல் பக்கக் கல்லை முதலில் முற்றத்துக்குத் தூக்கி, சுவர்ப் பக்கக் கல்லை அந்தக் காலி இடத்தில் புரட்டிப் போட்டுவிட்டு, முற்றத்துக் கல்லைச் சுவரோரம் கொண்டுவந்து கவிழ்த்திருக்கிறார்கள்; இரண்டும் இடம் மாறிவிட்டன. வேலை தெரிந்தவன் யாரும் அப்படித்தான் செய்வான். நான் அவர்களைக் கேட்டிருக்கலாம். பதிவேட்டில் உயரம் இருந்தது, நாடாவால் அளந்திருக்கலாம். இரண்டு விரற்கடை வித்தியாசம். அளக்கவில்லை. டைரியில் எழுதியிருந்ததே.

அந்த ஆடியில் மகன் வந்தார். இலைமுன் நின்றவர் நெடுநேரம் கும்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏனுங்க சார், மொகம் வேறயா இருக்குதுங்களே.”

“எண்ணெய்க் கறுப்பு போயிடுச்சுங்க. அதனால அப்படித் தெரியும்.”

“அதில்லீங்க. எங்கய்யன் தோள்ல உக்காந்து எண்ணெ தேச்ச மொகமுங்க அது. இது வேறன்னு கை சொல்லுதுங்க.”

நான் பொறுமையாகப் பதிவேட்டை எடுத்துவந்து காட்டினேன். கல்லின் பின்னால் டார்ச் அடித்துப் பதிவு எண்ணையும் காட்டினேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“எழுத்துல இருந்தாச் சரித்தானுங்க” என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வாய்க்கால் கல் என்று எண் போட்ட இன்னொன்றைச் சில ஆண்டுகள் கழித்து, ஏதோ கண்காட்சிக்கு என்று தலைமையகம் கேட்டது. நான்தான் பட்டியல் எழுதி லாரியில் ஏற்றி அனுப்பினேன். கண்காட்சி நடக்கவில்லை. மையக் கிட்டங்கிக்குப் போய்விட்டது.

இந்த ஆண்டு எங்கள் கிளையை மூடுவதாக உத்தரவு வந்தது. பொருட்கள் எல்லாம் மையக் கிட்டங்கிக்கு. செய்தி தெரிந்து மகன் ஓடிவந்தார். அவருடைய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“மொதப் பத்திரிகை அவருக்குத்தானுங்க. எங்க ஊட்டுல எல்லாக் கல்யாணத்துக்கும் அப்பிடித்தான். அவ்வளவு தொலவு கொண்டு போயிட்டா நாங்க எங்கீங்க போறது? இந்தப் பக்கத்துலயே எங்கியாச்சும் வெக்கச் சொல்லுங்க சாமி.”

மனுவை நானே எழுதினேன். கொடுத்தது யார், என்ன வாக்கின்பேரில் கொடுத்தார், இத்தனை ஆண்டும் விதிக்கு உட்பட்டு அவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒன்றையும் விடவில்லை. என் பணிக்காலத்தில் இவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. சான்றாகக் கல் வந்த நாளில் எடுத்த புகைப்படத்தை இணைக்க நினைத்தேன். பழைய புகைப்படக்காரரின் இரும்பு அலமாரியைத் திறக்க ஒரு நாள் பிடித்தது. உறையை உடைத்துப் படத்தை மேசைமேல் வைத்தேன். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்மேல் ஒரு கையை வைத்து நின்றார்.

அக்கா என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

“சார், இது வேற கல்லு.”

“அதே கல்தான் அக்கா. பின்னாடி எழுதியிருக்கு பாருங்க.”

“எழுதினத விடுங்க சார். இங்க புலி வால் மேல சுருட்டிக்கிட்டு நிக்குது. உள்ள இருக்கிறதுக்கு வால் கீழ தொங்கும். ஒன்பது வருஷமா அந்தச் சந்துல துணி விட்டுத் துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

இருவரும் கூடத்துக்குப் போய்ப் பார்த்தோம். வால் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று டைரியில் நான் எதுவும் எழுதவில்லை.

இரண்டு நாள் விடுப்பு எடுத்து மையக் கிட்டங்கிக்குப் போனேன். கிட்டங்கிக்காரர் ஓய்வுபெற ஆறு மாதம் இருக்கிற மனிதர்; சாவியைக் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். கூரை ஒழுகுகிறது என்று எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். சிற்பத்தின் முகம் தேயாமலிருக்க, நடுவில் வைக்கோல் கொடுத்து முகத்தோடு முகம் சேர்த்து அடுக்கவேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். ஆகவே எல்லாக் கற்களும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மண்டியிட்டு ஒவ்வோர் எண்ணாகத் துடைத்துப் படித்துக்கொண்டே போனேன். மாலைக்குள் என் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அரக்குகூட மங்கவில்லை.

அந்தக் கல் என் முழங்கால் உயரம்தான் இருந்தது. கீழ்ப்பாதி. டார்ச்சை இடுக்கில் விட்டுப் பார்த்தேன். புலி இருந்தது, வால் மேலே சுருண்டிருந்தது, வீரனின் கால்கள் இருந்தன. மேல்பாதியை அந்த மூலை முழுக்கத் தேடினேன்.

“வரும்போதே அப்படித்தான் வந்துச்சு” என்றார் கிட்டங்கிக்காரர்.

“நான் முழுசாத்தான் ஏத்தி அனுப்பினேன். பட்டியல்ல இருக்கு.”

“பட்டியல்ல இருக்கும் சார். எல்லாம் பட்டியல்ல இருக்கும்” என்றார். அவர் குரலில் கிண்டல்கூட இல்லை.

அடுத்த வாரம் மகன் தாம்பாளத்தில் மஞ்சளும் வெற்றிலையும் பத்திரிகையுமாக வந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். அக்கா இலையைக் கழுவவில்லை, கதவோரம் நின்றார். மகனை உட்காரவைத்து, புகைப்படத்தை முன்னால் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். டைரியில் எழுதியது, கற்களைப் புரட்டியது, எண் போட்டது, லாரி, கிட்டங்கி. அவர் கேட்டுக்கொண்டே படத்தில் இருந்த அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒடஞ்சதுல எந்தப் பாதிங்க இருக்குது?”

“கீழ்ப்பாதி. புலி இருக்குங்க.”

“ஆளு?”

“காலு வரைக்கும்தாங்க.”

வெளியே ஒரு லாரி போனது. பெட்டிகள் அதிர்ந்து அடங்கின.

“அன்னைக்கே கேட்டனுங்களே சார்.”

“கேட்டீங்க.”

“எழுத்துல இருக்குதுன்னீங்க.”

“சொன்னேன்.”

அவர் எழுந்து கூடத்துக்குள் போனார். கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார்.

“அப்ப இவரு யாருங்க?”

“தெரியாதுங்க. வாய்க்கால்ல கெடைச்சது.”

“ஒன்பது வருசமா எங்க ஊட்டு நல்லது கெட்டதெல்லாம் இவருகிட்டச் சொல்லியிருக்கறனுங்க. எங்கய்யன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கும்புட்டிருக்கறன். யாரு ஊட்டு ஆளோ, என்னத்தக் கண்டாரு.”

நான் மனுவைப் பற்றிச் சொன்னேன். திருத்தி எழுதலாம், அந்தக் கீழ்ப்பாதியையாவது கேட்கலாம் என்றேன்.

“காலைக் கும்புடறதுங்களா?” என்றார். கோபமில்லை. உண்மையாகவே கேட்டார். “இந்த மனுவை நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க. எங்களுது இல்லாததுக்கு நான் எப்பிடிங்க கையெழுத்துப் போடறது?”

தாம்பாளத்திலிருந்து பத்திரிகையை எடுத்தார்.

“இதைய இப்ப எங்கீங்க வெக்கறது?”

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகன் பத்திரிகையைத் துணிப்பைக்குள் போட்டார். எனக்கென்று கொண்டுவந்த பத்திரிகையும் அதே பைக்குள்தான் இருந்திருக்கும். அதை எடுக்கவில்லை. “வாரனுங்க” என்று எப்போதும் சொல்வார். அன்று சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கல்யாணம் நடந்ததா, முதல் பத்திரிகையை எங்கே வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் தவறை எழுதி, பதிவேட்டைத் திருத்த அனுமதி கேட்டுத் தலைமையகத்துக்கு மூன்று கடிதம் அனுப்பினேன். கிளை மூடப்படுவதால் பதிவேடுகளில் இனித் திருத்தம் கூடாது என்று ஒரு பதில் வந்தது. ஆகவே எங்கள் ஏடுகளின்படி எடப்பாடிக் கல் இன்றும் முழுசாக இருக்கிறது.

ஆடி வந்தது. யாரும் வரவில்லை. கல்லுக்கு முன்னால் ஒரு முழம் தள்ளித் தரையில் பல ஆண்டு மஞ்சள் கறை ஒன்று இருந்தது. கட்டடத்தை ஒப்படைக்குமுன் தரையைச் சுத்தமாக்க வேண்டும் என்பதால் அக்கா அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். முழுசும் போகவில்லை.

ஐப்பசியில் லாரி வந்தது. சங்கிலிக் கப்பிக்காரர்கள் கல்லைக் கட்டினார்கள். “எந்தப் பக்கம் சார் மேல?” என்று ஒருவர் கேட்டார். முகம் மேலே இருக்கட்டும் என்றேன். வைக்கோலை நானே பரப்பினேன். கூடத்திலிருந்து லாரி வரைக்கும், லாரிக்குள் படுத்துக் கயிறு இறுகும் வரைக்கும் அதன்மேல் இருந்து கண்ணை எடுக்கவில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அக்கா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேலி செய்ய அவருக்கு அன்று எதுவும் தோன்றவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு கல்லை அன்று ஒரு தவறும் இல்லாமல் ஏற்றி அனுப்பினேன்.