மேனேஜர் கேட்ட சுத்த இங்கிலீஷ்

அந்த இசை அரங்கில் பதினெட்டு வருஷமாக நிகழ்ச்சித் தாள்களை டைப் அடித்தவருக்குப் பென்சிலம்மா என்று பெயர். கொண்டையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும். ஹோட்டலுக்குப் போனால் மெனு அட்டையில் உள்ள எழுத்துப்பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் சாப்பாடு சொல்வார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவர் கணவர், சர்வரைப் பார்த்து அசடு வழியச் சிரித்துவைப்பார்.

நூலகத்தில் கழித்துப்போட்ட தலையணை அளவு அகராதி ஒன்று பென்சிலம்மாவிடம் இருந்தது. எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அதில் போட்டிருக்கும். மற்றவர்கள் பக்கத்து வீட்டு விவகாரத்தைக் கிளறுவதுபோல் இவர் சொற்களின் பூர்வீகத்தைக் கிளறுவார்.

புது மேனேஜர் வந்த மூன்றாவது வாரம் ஒரு ரசிகரின் புகார் வந்தது. வேகமாக, மெதுவாக என்று சொல்லாமல் அலெக்ரோ, அடாஜியோ என்று வாயில் நுழையாத இத்தாலிச் சொற்களையெல்லாம் அச்சடிக்கிறீர்களே, எங்களுக்கு என்ன விளங்கும் என்று கேட்டிருந்தார். மேனேஜர் பென்சிலம்மாவைக் கூப்பிட்டார்.

"இனிமே சுத்தமான இங்கிலீஷ்தான். இத்தாலிச் சொல் ஒண்ணுகூடக் கண்ணுல படக்கூடாது."

"ஒண்ணுகூடவா சார்? நாம தினமும் பேசுறதுலயே நெறைய..."

"நீங்க டைப் அடிக்கிறவங்க. யோசிக்கிற வேலைய எங்கிட்ட விடுங்க."

அது சுருக்கென்று தைத்தது. பென்சிலம்மா முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"சரிங்க சார். இதையே எழுத்துல குடுத்துடுங்களேன்."

கொடுத்தார். கையெழுத்தும் போட்டார்.

அன்று முழுக்க அகராதி மடியில் இருந்தது. உத்தரவை அவர் வரிக்கு வரி நிறைவேற்றினார். பியானோ என்றால் 'மெல்ல' என்று அர்த்தம். பியானோஃபோர்ட்டே என்ற முழுப்பெயரில் 'பலமாக'வும் சேர்ந்திருக்கும். எனவே வாசிப்பவர் 'மெல்ல-பலக்காரர்' ஆனார். பால்கனி 'வெளியே துருத்தி நிற்கும் தளம்' ஆனது. அம்ப்ரெல்லா என்ற குடை இத்தாலியில் சின்ன நிழல். ஆகவே 'உங்கள் சின்ன நிழல்களை வாசலிலேயே விட்டு வரவும்' என்று போட்டார். எல்லாம் இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

மேனேஜர் தாளைப் புரட்டினார். "அலெக்ரோ இல்லையே? நல்லது" என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினார்.

நிகழ்ச்சியன்று காலையில் உச்சக்குரல் பாடகிக்கு இன்ஃபுளூயன்ஸா ஜுரம். வாசலில் அறிவிப்பு வைக்க வேண்டும். உச்சக்குரலைக் குறிக்கும் சொப்ரானோ, இன்ஃபுளூயன்ஸா இரண்டுமே இத்தாலிச் சரக்கு. சொப்ரானோ என்றால் மேலே இருப்பது. இன்ஃபுளூயன்ஸா என்றால் செல்வாக்கு; நட்சத்திரங்களின் செல்வாக்கால் காய்ச்சல் வருகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். பென்சிலம்மா அறிவிப்பை டைப் அடித்து ஒட்டினார்: 'ஒருவித செல்வாக்கின் காரணமாக மேல்நிலைப் பெண்மணி இன்று பாடமாட்டார்.'

மாலையில் கூட்டம் வாசலைத் தாண்டவில்லை. துருத்தி நிற்கும் தளத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள், அது எப்போது விழும் என்று கேட்டார்கள். ஒருவர் தன் நிழலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அறிவிப்பைச் சுற்றித்தான் ஏகப்பட்ட கிசுகிசு. மேனேஜரின் மனைவி அதை இரண்டு தடவை படித்துவிட்டு நேரே கணவரிடம் வந்தார்.

"யாரோட செல்வாக்கு?"

"எனக்கெப்படிம்மா தெரியும்?"

"அப்ப ஏன் வேர்க்குது?"

மேனேஜர் டைப் அறைக்குள் பாய்ந்தார். "எல்லாமே சொதப்பல்! படு ஃபியாஸ்கோ!"

"அதுவும் இத்தாலிதான் சார். குப்பின்னு அர்த்தம்" என்றார் பென்சிலம்மா பணிவாக. கூடவே கையெழுத்திட்ட உத்தரவையும் நீட்டினார்.

மேனேஜர் அப்போதுதான் தாளைக் கடைசிவரை படித்தார். அடியில் தன் பெயர் இருந்தது. அதன் கீழே, 'குதிரை பழக்குபவர்.'

"இது என்ன?"

"மேனேஜ் பண்றதுங்கிறதும் இத்தாலியிலேருந்து வந்ததுதான் சார். மொதல்ல குதிரைய அடக்கிப் பழக்குறதுக்குத்தான் சொன்னாங்க."

மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பென்சிலம்மா பதறினார். இல்லை, மேனேஜர் சிரித்துக்கொண்டிருந்தார். உத்தரவை அவரே நாலாகக் கிழித்தார்.

பாடகியை நினைத்துத்தான் பென்சிலம்மாவுக்கு மனசு உறுத்தியது. மறுநாள் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். பாடகி இருமிக்கொண்டே சிரித்தார்.

"விடுங்கக்கா. இத்தன வருஷம் பாடியும் என்னப் பத்தி ஊர் பேசல. பாடாத அன்னிக்குப் பேசுதே!"

அடுத்த மாதத்திலிருந்து தாளின் பின்பக்கத்தில், சொற்கள் வந்த வழியைப் பற்றி எழுத மேனேஜர் பென்சிலம்மாவுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினார். முதலில் எந்தச் சொல்லை எழுதலாம் என்று சாப்பாட்டு மேசையில் யோசித்தார். கணவர் சேமியா சூப்பை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சேமியாவ வெர்மிசெல்லின்னு சொல்றாங்களே, அதப் பத்தி எழுதப்போறேன். இத்தாலியில அதுக்குக் குட்டிப் புழுக்கள்னு அர்த்தம்."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். "இத நான் குடிச்சு முடிச்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா?"